ஓலெட்டா எரித்த கால் மணி நேரம்

மேற்கு டெக்ஸஸில் ஓலெட்டா என்று ஓர் ஊர். அங்கே காற்று கொஞ்சம் அதிகம். ஒரு மார்ச் மாதம் டப் ஸ்ப்ரேபெர்ரியின் கிணற்றைப் பக்கத்து மாவட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கிணறு திரும்பி வரவில்லை. ஆனால் அதற்கான சொத்து வரியை இரண்டு மாவட்டங்களும் இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கின்றன. ஓலெட்டாக்காரர்கள் அரசாங்கக் கணக்குக்குப் பழகாதவர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கண்காணிப்பாளர் ஹாலிஸ் குய்க்கெண்டால். எழுதுவது குய்க்கெண்டால், சொல்வது கர்க்கண்டால். மனிதரும் கற்கண்டு ரகம்தான். பார்க்கக் கெட்டி, ஈரம் பட்டால் கரைந்துவிடுவார். பதவிதான் பெரிது. காலையில் பஸ் ஓட்டுவார், அப்புறம் அல்ஜீப்ரா எடுப்பார், சாயங்காலம் கழிவறைக் குழாயைச் சரிசெய்வார். ஃபுட்பால் கோச், அதிகச் சம்பளம் என்று பக்கத்திலிருக்கும் ஹார்மன் ஊருக்குப் போய்விட்ட பிறகு விசிலையும் அவரே கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஹார்மன் என்ற பெயரை ஓலெட்டாவில் யாரும் சும்மா சொல்வதில்லை. சொல்லிவிட்டு ஒரு தரம் துப்புவார்கள். தேவாலயத்துக்குள் என்றால் வெளியே வந்து துப்புவார்கள்.

அந்தப் பெரிய பனி வந்து கரண்ட் விலை வானத்துக்கு ஏறிய வருஷம், பள்ளிக்கூடத்துக்குக் கரண்ட் விற்றுக்கொண்டிருந்த தனியார் கம்பெனி ஒரு பில் அனுப்பியது. அது இரண்டு உறைகளில் வந்தது. முதல் உறையைப் பிரித்ததும் ஹாலிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இரண்டாவதில் மீதிச் சைபர்கள் இருந்தன. அடுத்த மாதமே கம்பெனி திவாலாகிவிட்டது. பில் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

பள்ளிக்கூடத்தின் சேமிப்பு அதில் போனது. தலைநகரத்திலிருந்து கல்வித் துறை ஆள் ஒருவர் வந்து, கணக்கைப் பார்த்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: அடுத்த கல்வியாண்டு முடியும்போது பெட்டியில் கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓலெட்டாப் பள்ளியை மூடி, பிள்ளைகளை ஹார்மன் பள்ளியோடு சேர்த்துவிடுவோம். சாவு வீட்டில் பேசுகிற குரலில்தான் சொன்னார். ஹாலிஸுக்கு அதற்குப் பிறகு ஒரே கவலைதான். பெட்டியில் மிச்சம் வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மார்லா வான்ட்ரீஸ் என்ற அம்மாள் வந்து சேர்ந்தார். மாநில அரசே பள்ளிக்கூடங்களுக்கும் ஊராட்சி அலுவலகங்களுக்கும் கரண்ட் விற்கிறது. அதை விற்கிற இலாகாவில் அவருக்கு வேலை. காரை விட்டு இறங்கும்போது கையில் ஒரு கட்டு விளம்பரத்தாள் இருந்தது. உள்ளே வந்தபோது இல்லை. காற்று வாங்கிக்கொண்டு போயிருந்தது. அதனால் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

பள்ளிக் குழுவுக்குத் தலைவர் டப் ஸ்ப்ரேபெர்ரி. அவருக்கு மாடுகள் நிறைய, நம்பிக்கை குறைவு.

"அரசாங்கம்னா லாபம் பாக்காது. அதானே மேடம்?" என்று கேட்டார்.

"பாக்கும் சார். ஆனா அந்த லாபம் நேரா பள்ளிக்கூட நிதிக்குப் போகும். அந்த நிதி யாருக்கு? உங்களுக்குத்தான்."

"அப்போ எங்ககிட்ட லாபம் அடிச்சு, எங்களுக்கே குடுப்பீங்க."

"அழகாச் சொல்லிட்டீங்க சார்."

டப் அதை அழகுக்காகச் சொல்லவில்லை.

விலை என்னவோ முந்தின கம்பெனியைவிடக் குறைவுதான். ஹாலிஸ் இரண்டு இரவு கணக்குப் போட்டுப் பார்த்தார். வருஷக் கடைசியில் பெட்டியில் மிச்சம் நிற்கிறது. பெரிதாக இல்லை, ஆனால் நிற்கிறது. உடனே ஊர்க் கூட்டம் போட்டார். சாப்பாட்டுக் கூடத்துக் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதைச் சுற்றி அம்பு போட்டு விளக்கினார்.

"இங்க பாருங்க. அந்தக் காலத்துலயே பள்ளிக்கூடங்களுக்குன்னு மாநிலம் நிலம் ஒதுக்கி வெச்சுச்சு. நம்ம மைதானத்துக்குப் பின்னாடி இருக்குதே, அதுவும் அந்த நிலந்தான். அதுக்கடியில எரிவாயு இருக்கு. தோண்டி எடுக்கிறவன் மாநிலத்துக்குப் பங்கு தரணும். மாநிலம் அதைப் பணமா வாங்காம வாயுவாவே வாங்கிக்குது. அதை எரிச்சுக் கரண்ட் ஆக்கி நமக்கு விக்குது. வர்ற லாபம் பள்ளிக்கூட நிதிக்கு. நிதியிலேர்ந்து பிள்ளைங்க தலையை எண்ணி நமக்குப் பணம் வருது."

சாக்பீஸ் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"நம்ம மாட்டுல கறந்த பாலை நமக்கே வித்து, அந்தக் காசுல நம்ம மாட்டுக்குப் புல்லு வாங்கிப் போடுறான்," என்றார் டப். "நடுவுல குடிச்சவன் யாருன்னுதான் இந்தப் படத்துல காணோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒஃபீலியா பயேசா மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிச் சமையலறை அவர் ராஜ்ஜியம். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் பீன்ஸ் தின்று வளர்ந்தவர்கள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வட்டத்தையே பார்த்தார்.

"ஹாலிஸ், இதுல எங்கயும் ஓட்டை இல்லியே?"

"இல்ல."

"அப்போ எவ்வளவு வேகமாச் சுத்துதோ அவ்வளவு நல்லது. நாம நெறைய எரிச்சா லாபம் நெறைய. லாபம் நெறைய வந்தா நிதி நெறைய. நிதி நெறைய ஆனா ஸ்கூலு பொழைக்கும்."

கூடத்தில் சத்தம் அடங்கிப்போனது. அந்த மாதிரி அமைதி ஓலெட்டாவில் காற்று நிற்கிறபோதுதான் வரும். அதனால் சிலர் ஜன்னலைப் பார்த்தார்கள்.

ஹாலிஸ் வாயைத் திறந்தார். லாபம் டெக்ஸஸ் முழுக்க உள்ள பிள்ளைகளுக்குப் பங்காகும், ஓலெட்டாவுக்கு அதில் வருவது ஓர் உப்புக்கல்லை நாலாக உடைத்ததில் ஒரு துண்டு என்று சொல்லத்தான் திறந்தார். ஆனால் கூடம் நிறைந்திருந்தது. அந்தக் கூடம் அப்படி நிறைந்து அவர் பார்த்ததே இல்லை. பிள்ளை இல்லாதவர்கள் வந்திருந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து டாலஸுக்குப் போய்விட்டவர்கள் வந்திருந்தார்கள். பள்ளி வரி ஏறும்போதெல்லாம் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு வாசலில் உட்காரும் கிழவர் லெம் ஹாட்சனே முன் வரிசையில் தொப்பியைக் கழற்றி வைத்து உட்கார்ந்திருந்தார். இவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உப்புக்கல்லைப் பற்றிப் பேச ஹாலிஸுக்கு நாக்கு எழவில்லை.

"ஒரு வகையில பாத்தா அப்படித்தான்," என்றார்.

அந்த 'ஒரு வகையில்' யார் காதிலும் விழவில்லை.

மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆனது. அடுத்த ஞாயிறு பாதிரியார் பிரசங்கத்தின் முடிவில், அவரவர் வீட்டு விளக்கை அணைத்துவிட்டுப் பள்ளிக்கூட விளக்கில் உட்காருவது பிள்ளைகளுக்குச் செய்கிற தர்மம் என்று அறிவித்தார்.

ஊர் அதைச் செய்து காட்டியது. பெண்கள் துணிமூட்டையையும் இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஜிம்முக்கு வந்தார்கள். ஓலெட்டாவில் அந்த இலையுதிர் காலத்தில் மடிப்புக் கலைந்த ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. லெம் ஹாட்சன் தன் இறைச்சி ஃப்ரீசரை லாரியில் ஏற்றி வந்து நூலகத்தில், வரலாற்று அலமாரிக்கும் பூகோள அலமாரிக்கும் நடுவில் வைத்தார். அதில் இருந்த மானுக்குப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பெயரும் வைத்தார்கள். அறிவியல் அறையில் ஒரு கொம்புப் பல்லி இருந்தது. பாலைவனப் பிராணி. அதற்கு ஃபேன் போட்டார்கள். பல்லிக்கு ஜலதோஷம் பிடித்தது. பிறகு அதற்கு ஹீட்டர் போட்டார்கள். இரண்டும் ஓடின.

"போதும், கொஞ்சம் நிதானமா எரிங்க," என்று ஹாலிஸ் ஓரிரு முறை சொல்லிப் பார்த்தார்.

"நீங்க வெக்கப்படாதீங்க," என்றார் லெம். "எங்க காலத்துல நாங்க ஸ்கூலுக்கு ஒண்ணும் செய்யல. இப்பவாவது செய்யறோம்."

ஹாலிஸ் கழிவறைக் குழாயைப் பார்க்கப் போய்விட்டார்.

அக்டோபரில் ஹோம்கமிங் வந்தது. பழைய மாணவர்கள் ஊர் திரும்பி, ஃபுட்பால் பார்த்து, அழுது, தின்றுவிட்டுப் போகிற விழா. அன்றைக்குப் பெண் பிள்ளைகள் மார்பில் சாமந்திப்பூ அணிவது டெக்ஸஸ் வழக்கம். நிஜப் பூ வைத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது துணிப்பூ, தட்டு அகலத்துக்கு. அதிலிருந்து முழங்கால்வரை ரிப்பன், ரிப்பனில் மணிகள், கரடி பொம்மைகள், அந்தப் பெண்ணின் பெயர், அவளோடு வருகிறவன் பெயர், நடுநடுவே குட்டி பல்புகள். பேட்டரியில் எரியும் பல்புகள்தான் வழக்கம். அந்த வருஷம் பேட்டரி வேண்டாம், அது கம்பெனிக்காரனுக்கு லாபம் என்று தாய்மார்கள் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு சாமந்திக்கும் வயர் வைத்துத் தைத்தார்கள். பெண்கள் மைதானத்துக்குள் வந்தபோது ஒவ்வொருத்திக்குப் பின்னாலும் எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருள் பிரித்துக்கொண்டே ஓர் அப்பா வந்தார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓலெட்டாவில் பையன்கள் குறைவு, அதனால் அணிக்கு ஆறு பேர் ஆடுகிற ஃபுட்பால்தான். எதிரணி ஹார்மன் இல்லை. ஹார்மனுக்கு ஓலெட்டாவோடு ஆட நேரம் இல்லை. வந்த அணி இடைவேளைக்குள்ளேயே தேவையான அளவு அடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அடிக்கலாமா என்று மரியாதைக்குக் கேட்டது.

இடைவேளையில் டப் மைக்கைப் பிடித்தார்.

"ஓலெட்டா மக்களே! நம்ம பிள்ளைங்களுக்காக! எதெது எரியுமோ எல்லாத்தையும் போடுங்க! ஹார்மன்காரன் கண்ணு கூசட்டும்!" துப்பினார். மைக்கில் துப்பியதால் அது ஊர் முழுக்கக் கேட்டது.

போட்டார்கள். மைதான விளக்குகள், ஜிம் விளக்குகள், ஒவ்வொரு வகுப்பறையும். ஒஃபீலியா எல்லா அடுப்பையும் ஓவனையும் திறந்துவிட்டார். தொழிற்கல்விக் கொட்டகையில் வெல்டிங் மெஷின்களை எல்லாம் ஓட்டினார்கள். வெல்டிங் செய்ய ஒன்றும் இல்லாததால் கொட்டகைக் கதவையே வெல்டிங் வைத்து மூடிவிட்டார்கள், உள்ளே இருந்தவர்களை ஜன்னல் வழியாக இறக்க வேண்டியிருந்தது. குளிருக்கு ப்ளக்கில் சொருகிவைக்கும் லாரி இன்ஜின் ஹீட்டர்கள், ஃப்ரீசர், இஸ்திரிப் பெட்டிகள், பல்லியின் இரண்டு சாமான்கள், சாமந்திகள். நெடுஞ்சாலையில் போன டிரக் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து இது எல் பாஸோ நகரமா என்று கேட்டார். ஹார்மனில் சேவல்கள் கூவியதாகவும், அவை முட்டாள்தனமாக விழித்துக்கொண்டு அதற்குப் பிறகு தூங்கவே இல்லை என்றும் பேச்சு. பள்ளிக்கூடத்துக்கு வெளியே கம்பத்தில் மீட்டர் ஒன்று இருந்தது. அதன் கிட்டே போன ஒரே ஆள் ஹாலிஸ். அதில் எண்கள் ஓடவில்லை. ஒன்றை ஒன்று துரத்தின.

ஹாலிஸ் திரும்பிப் பார்த்தார். மொத்த ஊரும் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தது. லெம் ஹாட்சன் அழுதுகொண்டிருந்தார். ஒரு கால் மணி நேரம் ஹாலிஸ் எதையும் அணைக்கச் சொல்லவில்லை. பிறகு ஊரின் டிரான்ஸ்ஃபார்மர் தன் கருத்தைச் சொன்னது. எல்லாம் இருண்டது.

பில் நவம்பரில் வந்தது. இந்தத் தடவை ஒரே உறைதான். ஆனால் உறையைவிடத் தொகை பெரியது. ஹாலிஸ் அதைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். திருப்பினாலும் பெரியதுதான். மார்லாவுக்கு ஃபோன் போட்டார்.

"மேடம், யூனிட் விலை சரியா இருக்கு. கீழ டிமாண்ட் சார்ஜ்னு ஒண்ணு போட்டிருக்கே, அது என்ன?"

"அது எங்களோடது இல்லீங்க. கம்பி வழியாக் கரண்டைக் கொண்டுவர்ற கம்பெனியோடது. எந்தக் கால் மணி நேரத்துல நீங்க ரொம்ப அதிகமா இழுத்தீங்களோ, அதைப் பாத்துப் போடுவாங்க. அந்த அளவுக்குக் கம்பி தயாரா இருக்கணும் இல்லியா?"

"அது ஒரே ஒரு நாள் மேடம். ஹோம்கமிங்."

"வாழ்த்துகள் சார்."

"அடுத்த மாசம் குறைஞ்சிடும்ல?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "இல்லீங்க. ஒரு தடவை அந்த உச்சத்தைத் தொட்டா, ஒரு வருஷத்துக்கு அதை வெச்சுத்தான் கணக்கு. நீங்க எரிச்சாலும் எரிக்காட்டியும்."

"எரிக்காட்டியுமா?"

"கம்பி காத்துக்கிட்டிருக்கும் சார்."

ஹாலிஸ் ஃபோனை வைத்தார். பிறகு போய், முதல் வேலையாகப் பல்லியின் ஹீட்டரை அணைத்தார். ஃபேனையும் அணைத்தார். அன்று சாயங்காலம் ஊரைக் கூட்டி உள்ளதைச் சொன்னார். உப்புக்கல் கணக்கையும் சொன்னார். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அப்போ நாங்க அவ்வளவு இஸ்திரி போட்டது?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"துணி நல்லாருந்துச்சு," என்றார் ஹாலிஸ்.

பிறகு ஓலெட்டா எதிர்த் திசையில் கிளம்பியது. விளக்கு கிடையாது, பிள்ளைகள் ஜன்னலோரம் பாடம் படித்தார்கள், சூரியன் நகர நகர டெஸ்க்கும் நகர்ந்தது. அல்ஜீப்ரா காலையில் கிழக்குச் சுவரில் ஆரம்பித்து மத்தியானம் மேற்குச் சுவரில் முடியும். ஃபுட்பாலைப் பகலில் ஆடினார்கள், பகலிலும் தோற்றார்கள். ஒஃபீலியா பின்வாசலில் விறகடுப்பு மூட்டினார். காற்று ஒரு நாள் அடுப்பை விட்டுவிட்டு நெருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பீன்ஸ் அந்த நெருப்பு போன திசையிலேயே வேக வேண்டியதாயிற்று. ஒஃபீலியா பானையோடு வேலிவரை நடந்தார். டிசம்பரில் பள்ளிக்கூடம் எரித்த கரண்ட் ஒரு கோழிக்கூடு எரிக்கிற அளவுகூட இல்லை. பில் அப்படியே இருந்தது. ஒரு டாலர் அசையவில்லை.

"எரிக்காததுக்குக் காசு குடுக்கிற ஊர் நம்ம ஊர்தான்," என்றார் டப். "காலியா இருக்கிற கொட்டகைக்கு மாட்டுத் தீவனம் போடற மாதிரி."

பெட்டியில் மிச்சம் நிற்கப்போவதில்லை என்பது ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு வழி மீதி இருந்தது. மாநில அரசு பொது நிறுவனங்களுக்குக் கரண்ட் விற்பதை நீட்டிக்க ஒரு மசோதா சட்டசபைக்கு வந்திருந்தது. அதில் ஒரு வரி சேர்த்து, சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு இந்த உச்சக் கணக்கை மன்னித்துவிட்டால் ஓலெட்டா பிழைக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம் என்றார்கள். ஹாலிஸ் பள்ளி பஸ்ஸிலேயே தலைநகருக்குப் போனார். கார் இல்லாமல் இல்லை. பஸ்ஸுக்கு டீசல் ஏற்கெனவே போட்டிருந்தது.

சட்டசபைக் குழு அறையில் தோல் நாற்காலிகள், பளபளக்கும் மேசை, தலைக்கு மேல் கண்ணாடித் தொங்கு விளக்கு. ஹாலிஸ் அதில் எத்தனை பல்பு என்று எண்ண ஆரம்பித்துத் தன்னைத் தானே அடக்கிக்கொண்டார். அவர் முறை வந்தது. ஹோம்கமிங், சாமந்தி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். குழுத் தலைவர் நல்ல மனிதர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முன்னால் இருந்த தாளைப் பார்த்தார்.

"மிஸ்டர் குய்க்... எப்படிச் சொல்றது?"

"கர்க்கண்டால்."

"சந்தோஷம். இங்க நிதிக் குறிப்புன்னு ஒண்ணு இருக்கு. நிபுணருங்க எழுதினது. 'இந்த மசோதாவால் மாநிலத்துக்குக் கணிசமான நிதிப் பாதிப்பு இல்லை. உள்ளாட்சி அமைப்புகளுக்கும் கணிசமான நிதிப் பாதிப்பு இல்லை.' உங்க பள்ளி உள்ளாட்சி அமைப்புதானே?"

"ஆமாங்க ஐயா."

"அப்போ உங்களுக்குக் கணிசமான பாதிப்பு இல்லையே."

"ஐயா, ஸ்கூலையே மூடப்போறாங்க."

"புரியுது. வருத்தமாத்தான் இருக்கு." உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தார். "ஆனா மொத்த மாநிலத்தையும் கூட்டி வகுத்துப் பாத்தா, நீங்க தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கம் ரொம்ப தூரம் போயிடறீங்க. அவ்வளவு தூரத்துல இருக்கிறதை முழு எண்ணாக்கினா சைபர்தான் வரும். அது உங்க தப்பு இல்ல."

"சைபருக்கு ஒரு பஸ் இருக்குங்க ஐயா," என்றார் ஹாலிஸ். "வெளிய நிக்குது. அதுல வர்ற பிள்ளைங்களும் இருக்காங்க."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார். தலைவர் நன்றி சொன்னார். அடுத்து ஒரு பெரிய நகரத்து மருத்துவமனைக்காரர் எழுந்து, மசோதாவால் தங்களுக்கு நிறைய மிச்சம் என்றார். அது உண்மைதான். எல்லோருக்கும் மிச்சம். மசோதா ஒரு வரிகூட மாறாமல் நிறைவேறியது.

வெளித் தாழ்வாரத்தில் மார்லா வான்ட்ரீஸ் காத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பெட்டி.

"உங்களைத் தேடிக்கிட்டிருந்தேன் சார். போன வருஷம் தலைக்கணக்குல மாநிலத்துலயே அதிகமா எங்க கரண்ட் வாங்கினது ஓலெட்டாதான். பள்ளிக்கூட நிதிக்கு நீங்க செஞ்ச பங்களிப்புக்காக இலாகா ஒரு கேடயம் குடுக்குது."

ஹாலிஸ் பெட்டியைத் திறந்தார். மரப்பலகையில் பித்தளைத் தகடு, ஓரமெல்லாம் சின்னச் சின்ன விளக்குகள்.

"ப்ளக்குல சொருகினா எரியும்," என்றார் மார்லா. பிறகு ஹாலிஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "நான் எழுதிப் பாத்தேன் சார். உங்க விஷயத்தை. மேல யாரும் அதை மறுக்கல. என்ன செய்யணும்னுதான் யாருக்கும் தெரியல," என்றார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க மேடம்," என்றார் ஹாலிஸ். பித்தளைத் தகட்டில் ஊர்ப் பெயரை 'ஒலீட்டா' என்று எழுதியிருந்தார்கள். அதை அவர் சொல்லவில்லை.

மார்ச்சில் பள்ளிக் குழு கூடியது. மூடும் முடிவைத் தலைநகரம் எடுக்கும் என்றுதான் ஊர் நினைத்திருந்தது. இல்லை; தாங்களாகவே சேர்ந்துகொள்கிறோம் என்று குழு ஓட்டுப் போட்டால் ஹார்மன் பள்ளி கரண்ட் பில் கடனையும் ஏற்றுக்கொள்ளும். போடாவிட்டால் கடன் ஊர் வரியில் விழும், பள்ளியும் போகும். கூடம் மறுபடியும் நிறைந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் டப் வேகமாகப் படித்தார். ஹார்மன் என்ற சொல் அந்தத் தீர்மானத்தில் பல இடங்களில் வந்தது. அவர் ஒரு தரம்கூடத் துப்பவில்லை.

"ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க."

முதலில் ஒருவரும் தூக்கவில்லை. பிறகு டப் தன் கையைத் தூக்கினார், ஏதோ வேறு ஒருவருடைய கையைத் தூக்குவது போல. மற்றவர்களும் தூக்கினார்கள். ஹாலிஸுக்கு ஓட்டு கிடையாது. அவர் கை மடியில் கிடந்தது.

லெம் ஹாட்சன் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, "என் ஃப்ரீசரை எப்போ எடுத்துக்கலாம்?" என்று கேட்டார். நாலு பேர் சேர்ந்து நூலகத்திலிருந்து அதைத் தூக்கினார்கள். எப்போதோ கரண்டை நிறுத்தியிருந்தபடியால் மான் என்ன ஆகியிருந்தது என்பதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தது. பிள்ளைகளுக்கு ஹார்மனில் இடம் உண்டு. ஹாலிஸுக்கு அங்கே பஸ் ஓட்டும் வேலை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். கண்காணிப்பாளர் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். ஒஃபீலியாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஹார்மன் பள்ளிக்குச் சாப்பாடு வெளியிலிருந்து லாரியில் வருகிறது.

ஹாலிஸ் சமையலறைக்குப் போனார். ஒஃபீலியா இருட்டில் பானை தேய்த்துக்கொண்டிருந்தார். விளக்கு தேவைப்படாத அளவுக்கு அந்தப் பானையை அவருக்குத் தெரியும்.

"மே மாசம் வரைக்கும் நடக்கும்தானே?" என்று திரும்பாமலே கேட்டார்.

"நடக்கும்."

"மெனு எழுதி ஒட்டணும். கடைசி வாரத்துக்கு என்ன போடட்டும்? ஏதாவது நல்லதா?"

ஹாலிஸ் சாமான் அறைக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன மிச்சம் இருக்கு?"

"பீன்ஸ்."

"வேற?"

"இந்தப் பக்கம் பீன்ஸ். அந்தப் பக்கமும் பீன்ஸ்தான்."

"அப்போ பீன்ஸ் போடு," என்றார் ஹாலிஸ். துண்டை எடுத்து, ஒஃபீலியா கழுவி வைத்த பானையைத் துடைக்க ஆரம்பித்தார்.